ஒப்பிட ஓர் ஏக்கர்

உடைகுளம் செல்வலட்சுமிக்குக் கோபம் வந்தால் அவளுடைய இடது காதிலிருந்து பூச்சி வெளியே வரும். சின்ன எரிச்சலுக்குக் கடுகில் பாதி அளவில் ஒரு குளவி. நடுத்தரக் கோபத்துக்குப் பொறிவண்டு, இரண்டோ மூன்றோ. நெஞ்சை அடைக்கிற கோபமென்றால் பின்பக்கம் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி வரும், அது வரும்போது கொஞ்சம் வலிக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரை இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அருப்புக்கோட்டையில் காது மூக்கு டாக்டர் ஒருவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே அழுக்குகூட இல்லை, சுத்தமான காது என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். இந்த மருந்து பூச்சிக்கு ஆகாது என்றாள். அதற்குத்தானே எழுதினேன் என்றார் டாக்டர். அன்று அவருடைய மேஜையில் இரண்டு பொறிவண்டுகள் ஓடின.

முதல் பூச்சி வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஊர் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அதற்கும் முந்தி. உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, நாலெழுத்துப் படித்து டவுனில் ஒரு நாற்காலியில் உட்காருவாள் என்று பார்த்தால், மதுரையில் விவசாயம் படித்து, அதற்கு மேலும் படித்து, ஒரு பொறிவண்டு ஒரு நாளைக்கு எத்தனை அசுவினிப் பூச்சி தின்னும் என்று ஐந்து வருஷம் எண்ணி டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டு திங்கிறதை அஞ்சு வருசம் உக்காந்து பாத்ததுக்குப் பட்டமாக்கும். எங்க வீட்டுக்காரரு திங்கிறதை நான் இருவது வருசமாப் பாக்குறேன், எனக்கு ஒருத்தரும் தரலையே" என்று பாண்டீஸ்வரி கேட்டது அப்போதுதான். பாண்டீஸ்வரி, செல்வலட்சுமி வீட்டு மேலக்காட்டு நிலத்தை ஒட்டிக் காடு வைத்திருக்கும் வெள்ளத்துரையின் மனைவி. வெள்ளத்துரை சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் அவளுக்கு இரண்டு பட்டம் கொடுக்கலாம் என்பார்கள்.

செல்வலட்சுமிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. எந்த நிலையம் என்று எழுதினால் வீண் வம்பு. அங்கே தலைமை விஞ்ஞானி சங்கரலிங்கம். நல்ல உயரம், நல்ல இங்கிலீஷ், மேடை ஏறினால் பூச்சிகளுக்கே கைதட்டத் தோன்றும். அவள் காடுகாடாக அலைந்து எழுதிய முதல் கட்டுரையில் அவர் பெயர் முன்னாலும் அவள் பெயர் பின்னாலும் வந்தது. அது வழக்கம் என்றார்கள். அடுத்ததில் அவள் பெயர் நான்காவதாகப் போனது. இடையில் இருந்த இரண்டு பேர் யாரென்று அவளுக்கே தெரியாது. மூன்றாவதில் பெயரே இல்லை. கடைசி வரியில், பூச்சிப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி உதவியவர் என்று ஒரு நன்றி இருந்தது. அதை அவர் கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் முன்வரிசையில் இருந்த செல்வலட்சுமியின் காது குறுகுறுத்தது. வெளியே வந்த குளவியை அவள் அலறாமல் கண்ணாடிக் குழாயில் பிடித்தாள். வேலைப் பழக்கப்படி சீட்டும் எழுதினாள். தேதி, இடம், நேரம். எந்தச் செடியில் கிடைத்தது என்ற கட்டம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு "நான்" என்று எழுதினாள்.

அடுத்த ஐந்து வருஷத்தில் அப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பூச்சிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு, என்ன காரணத்தால் வந்தது என்ற குறிப்பும் உண்டு. பெண் பார்க்க வந்த விருதுநகர் மாப்பிள்ளை, "கல்யாணத்துக்குப் பொறவு இந்தப் புழு பூச்சியெல்லாம் விட்டுருவீகள்ல" என்று கேட்டதற்கு ஒரு கும்பிடுபூச்சி வந்து அவர் காபி டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பியது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பதில் வணக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா ஒச்சம்மாள் ஒரு வாரம் குலசாமிக்கு விளக்குப் போட்டாள். பிறகு, காதில் பஞ்சு வைத்துப் பார் என்றாள். வைத்தபோது தலைவலி வந்ததே தவிரப் பூச்சி நிற்கவில்லை. மற்றவர்களுக்கு இது வேடிக்கை. அவளுக்கு இது ஒரு கண்டுபிடிப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டில் இலை தின்கிற பூச்சி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் மற்றப் பூச்சிகளைத் தின்று வாழ்கிறவை. பயிருக்கு நல்லது செய்கிறவை.

அவள் சொன்னதும் இதே விஷயம்தான், காதை வைத்தல்ல, காட்டை வைத்து. மருந்து அடித்தால் முதலில் சாவது புழு அல்ல, புழுவைத் தின்கிறது. புழு பத்து நாளில் திரும்ப வரும், தின்கிறது திரும்ப வர இரண்டு வருஷம் ஆகும். மருந்தை நிறுத்து, ஓரத்தில் மூன்று உழவு சால் தட்டைப்பயறும் எள்ளும் போடு, வரப்புப் புல்லைச் செதுக்காதே, அங்கேதான் அவை குடியிருக்கும். இவ்வளவுதான் அவளுடைய வாழ்நாள் ஆராய்ச்சி. இதை ஒரு சினிமா டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். நிரூபிக்கத்தான் ஆயுசு போகிறது. சங்கரலிங்கம் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷக் கணக்கு கணக்கே இல்லை, மருந்தடித்த காட்டையும் அடிக்காத காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வருஷம் காட்டு, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஆள் ஓடிப்போவாள் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, தன் பங்கு மேலக்காடு ஆறு ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தாள். அது இரண்டாயிரத்துப் பதின்மூன்று, புரட்டாசி.

வரப்புக்கு இந்தப் பக்கம் அவள் காடு, மருந்தில்லாதது. அந்தப் பக்கம் வெள்ளத்துரை காடு, எல்லாரையும்போல மருந்தடிக்கிறது. வியாழக்கிழமை தோறும் இரண்டு காட்டிலும் ஐந்து இடம், இடத்துக்கு இருபது செடி, குருத்தை விரித்து இருப்பதை எண்ணுவாள். நோட்டில் இடது பக்கம் தன் காடு, வலது பக்கம் வெள்ளத்துரை காடு. தன் காட்டில் நுழைந்து ஒரு பெண் செடி செடியாகக் குனிந்து எண்ணுவதை வெள்ளத்துரை முதலில் விரும்பவில்லை. பிறகு எண்ணிவிட்டு அவளே களையும் பிடுங்குகிறாள் என்று தெரிந்ததும் விரும்பினான்.

ஆறாவது வருஷம் அமெரிக்கப் படைப்புழு வந்தது. அது வரும் என்று இரண்டு மாதம் முன்பே ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் அவள்தான், போட்டோவைக் காட்டி, நெற்றியில் இப்படி ஒரு கோடு இருக்கும் என்று. சொன்னபடியே வந்தது, நெற்றியில் கோடும் இருந்தது. ஆகவே கொண்டுவந்தது அவள்தான் என்று ஊர் முடிவு செய்தது. இல்லாவிட்டால் புழுவின் நெற்றி இவளுக்கு எப்படித் தெரியும். காதில் வளர்த்து விட்டாள் என்று மனு எழுதி முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை வாங்கியவர் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் வெள்ளத்துரை ஏழு தடவை மருந்தடித்தான், பத்தில் ஏழு கதிர் போனது. அவள் ஒரு தடவையும் அடிக்கவில்லை, பத்தில் ஒன்று போனது. அதற்கும் ஊர் விளக்கம் வைத்திருந்தது. "அவுகளுக்கென்ன, காதுலயிருந்து எறக்கி விட்டுக்கிருவாக. நமக்கு ஏது அந்தக் காது" என்றான் வெள்ளத்துரை. அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். அந்த வருஷம் முழுக்கக் காதிலிருந்து வந்தது பதினொன்று. காட்டில் இருந்தது லட்சக்கணக்கில். "காது இல்ல வெள்ளத்துரை, வரப்பு. வரப்பைப் பாரு" என்றாள். அவன் காதைத்தான் பார்த்தான். பன்னிரண்டாவது வந்தது.

இங்கே அண்ணன் ஜெயபாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூச்சிமருந்துக் கடை. தங்கமான மனுசன். தங்கை ஊரெல்லாம் மருந்தடிக்காதே என்று சொல்வதும் அண்ணன் மருந்து விற்பதும் ஒரே வீட்டில் நடந்தன, ஒரே அடுப்பில் சோறு வெந்தது. கடைக்கு வருகிறவர்கள், "ஒங்க தங்கச்சியே அடிக்கலையாம், எங்க தலையில கட்டுறீக" என்று கேட்டுவிட்டு மருந்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவன் அதற்குக் கோபப்பட்டதில்லை. அவனுக்கு இருந்தது வேறு குறை. தங்கைக்குக் கல்யாணம் இல்லை, வளைகாப்பு இல்லை, பிள்ளைக்குக் காதுகுத்து இல்லை. கூடப்பிறந்த ஒருத்திக்குத் தட்டெடுத்து ஒரு சீர் செய்ய அவனுக்கு வழியே இல்லாமல் போனது. மற்றவன் வீட்டு விசேஷத்தில் தாய்மாமன் சீர் வரிசையாக வரும்போது அவன் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவான்.

பத்தாவது வருஷம், கார்த்திகை மாதம். ஒன்பது வருஷக் கணக்கு முடிந்து பத்தாவதில் பாதியை நெருங்கியாகிவிட்டது. பயிருக்கு நாற்பத்தைந்து நாள். இன்னும் இரண்டு மாதம் காடு சும்மா நின்றால் போதும். அந்த நேரத்தில் செல்வலட்சுமிக்கு டெங்கு வந்து அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஜெயபாண்டி காட்டைப் பார்க்கப் போனான். இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான், இன்னும் பத்து நாளில் தின்கிறவை கணக்கைத் தீர்த்துவிடும், நோட்டில் ஒன்பது தடவை அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அவன் நோட்டைப் படித்தவனில்லை. தங்கை உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாள், அவள் பயிரைப் புழு தின்கிறது, ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. கடையில் இருந்ததிலேயே உயர்ந்த மருந்தை எடுத்தான். நான்கு ஆள், நான்கு பவர் ஸ்பிரேயர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் மறுபடி ஒரு தடவை. மறுநாள் வேட்டி சட்டை மாற்றி, ஒரு கூடை ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"ஒனக்கு நான் ஒரு சீரும் செஞ்சதில்ல தங்கச்சி" என்றான். "இப்பச் செஞ்சுட்டேன். மேலக்காடு முழுசும் அடிச்சாச்சு."

செல்வலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். "வரப்புலயுமா அண்ணே?"

"வரப்பை விடுவேனா. எனக்கு அரைகுறையா செய்யத் தெரியாது."

அவள் மருந்தின் பெயரைக் கேட்டாள். டேங்குக்கு எத்தனை மில்லி என்று கேட்டாள். எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் காய்ச்சல் அளவு எழுதும் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஜெயபாண்டி கண்ணில் தண்ணீரோடு பதில் சொன்னான், தன் சீரைத் தங்கை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாளே என்று. அவன் போன பிறகு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சங்கரலிங்கத்தைத் திட்டலாம், வெள்ளத்துரையைத் திட்டலாம். பாசத்தை என்ன சொல்லித் திட்டுவது. திட்ட ஆளில்லாத அந்தக் கோபம் இடது காதோடு நிற்கவில்லை, வலது காதையும் திறந்துகொண்டது.

மூன்று நாள் வந்தன. முதலில் குளவி, புகை மாதிரி. பிறகு பொறிவண்டு, குளுக்கோஸ் பாட்டிலே சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு. பிறகு இடுக்கிப் பூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சி, தட்டான். நர்ஸ்கள் கொசுவலை போர்த்திக்கொண்டு ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து திருச்சுழி பஸ் ஏறினாள். கண்டக்டர் பஸ்ஸுக்குள் பார்த்துவிட்டு, "மேடம், இது லக்கேஜ்ல வருமா, ஆள் கணக்குல வருமா" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இன்னும் ஒரு சீட் நிறைந்தது. வழியெல்லாம் ஜன்னல் வழியாக அவை இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன, ரோட்டுக்கு இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய மக்காச்சோளம் எல்லாவற்றிலும். அந்த வருஷம் பன்னிரண்டு கிராமத்தில் படைப்புழு இல்லை. கதிர் முழங்கை நீளம் விளைந்தது. மேலக்காட்டில் மட்டும் விளையவில்லை. மற்றக் காடுகளில் மருந்தடித்து நாளாகியிருந்தது, அங்கே இலையிலும் வரப்பிலும் மருந்து காயாமல் இருந்தது. வீடு தேடி வந்ததுபோல அங்கே இறங்கிய பூச்சி அத்தனையும் செத்து விழுந்தது. செல்வலட்சுமி கரிசலில் முழங்கால் போட்டு, ஐந்து இடம், இடத்துக்கு ஒரு சதுர அடி, செத்ததை எண்ணி எழுதினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து வந்தவை அவள் கைமேல் விழுந்து செத்தன. அவற்றையும் சேர்த்துக்கொண்டாள்.

செய்தி கேட்டுச் சங்கரலிங்கம் காரில் வந்தார். நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தார். பத்தாவது வருஷம் மருந்து விழுந்துவிட்டதே அம்மா, ஒன்பது என்பது பத்து ஆகாது, இதில் கையெழுத்துப் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்காது என்றார். அவருக்கு மனசாட்சி இருந்தது ஊருக்கு அன்றுதான் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் காதை வைத்து ஒரு பிராஜக்ட் போடலாமா, என் பெயரும் இருக்கட்டும்" என்று கேட்டார். செல்வலட்சுமி கார் வரை கூடவே வந்து கதவைச் சாத்திவிட்டாள். அவர் காரில் இன்றும் ஏசி போட்டால் குளவி வருகிறது. மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறார்.

அவள் நோட்டில் புதிய பக்கம் திருப்பி, ஒன்றாம் வருஷம் என்று எழுதினாள். அடுத்த புரட்டாசியில்தான் வெள்ளத்துரை வாசலில் வந்து நின்றான். கையில் வெற்றிலை பாக்கு. திட்ட வந்திருப்பதாகச் சொன்னான்.

"தப்பா நெனைக்காதீக மேடம். விதைப்புக்கு முந்தி நாலு வார்த்தை வஞ்சிட்டுப் போறேன். ஒரு அஞ்சு ஏக்கருக்கு வந்தாப் போதும்."

வைதான். படித்து என்ன பிரயோசனம் என்றான், ஆள் இல்லாத வீடு என்றான், சம்பளமில்லாத விஞ்ஞானி என்றான். செல்வலட்சுமி முறத்தில் எள்ளைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். ஒன்றும் வரவில்லை. சோர்ந்துபோய்க் கிளம்புகிறவன், "எப்பிடியோ, கடைசியில ஒரு மருந்து அடிச்சாத்தானே மேடம் புழு அடங்குது" என்றான். ஒரு முறம் நிறைய வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை ஊர் மனப்பாடம் செய்துகொண்டது. அடுத்த வாரமே பன்னிரண்டு கிராமத்துக்கும் முறை வைத்தார்கள், திங்கள் உடைகுளம், செவ்வாய் அடுத்த ஊர் என்று. இவர்கள் வைய வருவதே அவளுக்குக் கோபம், அதனால் பாதிப் பேருக்கு வாயைத் திறக்காமலே கிடைத்தது. கூட்டிப்போன பூச்சியை மருந்தடித்த காட்டில் விட்டவர்களுக்கு மறுநாள் காலையில் பொணம்தான் மிச்சம். எனவே மருந்தை நிறுத்தினார்கள். பூச்சி இருக்க இடம் வேண்டுமே என்று வரப்புப் புல்லைச் செதுக்காமல் விட்டார்கள். பசிக்கு வேண்டுமே என்று ஓரத்தில் மூன்று சால் தட்டைப்பயறும் எள்ளும் போட்டார்கள். ஜெயபாண்டி கடையில் மருந்து இருந்த அலமாரியில் இப்போது தட்டைப்பயறு விதை இருக்கிறது. பத்து வருஷம் அவள் தொண்டை வற்றச் சொன்னதை எல்லாரும் செய்கிறார்கள். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் மேடத்தின் காதைக் காட்டுகிறார்கள்.

இந்த மாசி மாதம் மூன்றாம் வருஷ அறுப்பு முடிந்தது. பால் சொசைட்டி கட்டடத்தில் ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னவள் செல்வலட்சுமி. நோட்டை எல்லாருக்கும் காட்டினாள். இடது பக்கம் நிறைய எண். வலது பக்கம் மூன்று வருஷமாக வெள்ளை. மருந்தடித்த காடு என்று ஒன்று சுற்று வட்டாரத்தில் எங்கும் இல்லை, எதோடு ஒப்பிடுவது. ஒப்பிடாமல் இது எந்த ஊரிலும் கணக்காகாது, இந்தப் பன்னிரண்டு ஊரைத் தாண்டி ஒருவனும் நம்பமாட்டான், அங்கேயெல்லாம் இன்னும் ஏழு தடவை அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரே ஓர் ஏக்கர், யாராவது வருகிற புரட்டாசியிலிருந்து பழையபடி மருந்தடித்துத் தாருங்கள், நட்டம் முழுவதும் என் பொறுப்பு என்று கேட்டாள்.

கூட்டத்தில் ஆளாளுக்கு அடுத்தவனைக் கையைக் காட்டினார்கள். கடைசியில் வெள்ளத்துரை, "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க மேடம். ஒங்க கோவத்துல வந்ததைக் கொல்லச் சொன்னா எப்பிடி" என்றான்.

"என் கோவம் ஒரு ஏக்கருக்குக்கூடக் காணாது. பூச்சி வந்தது வரப்புலயிருந்து. எத்தனை தடவை சொல்றது."

"அடக்கமாப் பேசுறாக" என்று பின்னாலிருந்து ஒருவர் பாராட்டினார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஜெயபாண்டி எழுந்து இரண்டு கையையும் கூப்பினான். "அந்தப் பாவத்தை ஒருவாட்டி செஞ்சதே போதும் தங்கச்சி."

"பாவமில்லண்ணே, ஒப்பீடு. அன்னைக்குக் கேக்காம செஞ்சே, இன்னைக்குக் கேக்குறேன், செய்யி."

அவன் தலையை ஆட்டிவிட்டான். முடியாது என்று. கண் கலங்கியிருந்தது. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று தலைவர் டீ சொன்னார்.

செல்வலட்சுமி நோட்டை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். நல்ல உச்சி வெயில். இரண்டு காதிலிருந்தும் வந்துகொண்டிருந்தன, முதலில் ஒன்றிரண்டாக, பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது கயிறு கயிறாக. தெருவில் வத்தல் காயப்போட்டிருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, பழைய சேலையை எடுத்து விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்தார்கள். பாண்டீஸ்வரி தன் வத்தலை மூடிவிட்டுக் கண்ணுக்கு மேல் கையை வைத்து, அவை எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தாள். கிழக்கே, கோடைப் பருத்தி நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"பருத்திக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.